மாதையன் பூட்டு

மாதையன் செத்த கதையில் செங்கோடனுக்குச் சந்தேகம் விழுந்து பல வருசம் ஆகிவிட்டது. பொய் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது, கதைக்குள் அவனும் இருந்தான். அவனுக்கு ஒரு கெடுதலும் வராத இடமாகப் பார்த்து, ஓரமாக, நல்லவனாக நிற்க வைத்திருந்தார் நாச்சிமுத்து. பதினேழு வருசத்துக்கு முன்னால் அவர் கைகாட்டிய இடத்தில் போய் நின்றவன் இன்னும் நகரவில்லை. இப்போதும் தீவன மில்லின் சரக்குக் குடோனில், ஐந்தாவது வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் அரைமணி நேரத்தில் அந்தக் கதை மறுபடி வரப்போகிறது என்று தெரிந்தே காத்திருந்தான். வருசா வருசம் சித்திரையில் மில்லை நான்கு நாள் நிறுத்திவிட்டுப் பராமரிப்பு வேலை பார்ப்பார்கள். அதற்கு முந்தின நாள் காலை பத்து மணிக்குப் பாதுகாப்பு வகுப்பு. நடத்துகிறவர் நாச்சிமுத்து. அன்றைக்கு மிக்ஸர் ஆபரேட்டர், இன்றைக்கு சேஃப்டி சூப்பர்வைசர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, சாயம் அடித்த மீசை. முன்னால் மேசையில் சிவப்புப் பூட்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார். பக்கத்தில் ஆறு ஓட்டை வைத்த இரும்புக் கொண்டி, பெயரும் போட்டோவும் ஒட்டிய மஞ்சள் அட்டைகள். நிச்சயதார்த்தத் தட்டு மாதிரி அடுக்கியிருக்கிறார் பார், என்று செங்கோடன் நினைத்தான். ஆள் செத்த இடத்தில் கடை போட்டவர். உடனே, அந்தக் கடையில் முதல் வாடிக்கை யார், நீதானே, என்றும் நினைத்தான். தலைக்கு மேலே சுற்றிய விசிறி புண்ணாக்கு வாடையைக் கிளப்பிக் கிளப்பி மூஞ்சியிலேயே போட்டது.

நாச்சிமுத்து ஒரு பூட்டைத் தூக்கிக் காட்டினார். ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரு பூட்டுக்கு ஒரே சாவி, அந்தச் சாவி அந்த ஆளோடதான் இருக்கணும் என்றார். மெஷினுக்குள் கை விடுவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை இறக்கு; கைப்பிடியில் கொண்டியை மாட்டு; உள்ளே போகிற ஒவ்வொருத்தனும் அவனவன் பூட்டைக் கொண்டியில் போடு, அவனவன் அட்டையைத் தொங்கவிடு; அப்புறம் மேலே போய் ஸ்டார்ட் பட்டனை ஒருதரம் அமுக்கிப் பார், ஓடவில்லை என்று கண்ணால் கண்ட பிறகு உள்ளே இறங்கு. ஆறு பேர் உள்ளே இருந்தால் ஆறு பூட்டு. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைத் தானே எடுக்கிற வரைக்கும் முதலாளியே வந்து நின்றாலும் சுவிட்ச் ஏறக்கூடாது. முன் வரிசையில் ஒருவன், வீட்டுல பீரோ சாவியே எங்கிட்ட இல்லீங்க, இதைக் குடுத்து என்ன பண்றதுங்க என்று முனக, சுற்றிலும் சிரிப்பு. நாச்சிமுத்தும் சிரித்தார். செங்கோடன் சிரிக்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரியாக இருந்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒன்றிரண்டு தப்பாகச் சொன்னால் வெறுப்பதற்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் வகுப்பெடுக்க ஆரம்பித்த இந்த எட்டு வருசத்தில் இந்த மில்லில் ஒருத்தருக்கு ஒரு விரல் போகவில்லை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. ஒரு பொய்யிலிருந்து எட்டு வருசம் விரல்கள் பிழைத்திருக்கின்றன என்றால் அந்தப் பொய்யைக் கும்பிட வேண்டுமா. கும்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறாய், சித்திரைக்குச் சித்திரை, ஐந்தாவது வரிசையில். அவன் கால் மாற்றிப் போட்டான். நாற்காலி சிமென்ட் தரையில் கிறீச்சிட்டது. நாச்சிமுத்து ஒரு விநாடி நிறுத்தி அவனைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மேலே பேசினார். இந்தப் பார்வையும் வருசம் தவறாமல் வருவதுதான். நீ இருக்கிறாயா, இருக்கிறாய், சரி, என்கிற பார்வை.

இந்த வருசம் ஒன்று மட்டும் வேறாக இருந்தது. தீவனம் வாங்குகிற பால் கம்பெனிக்காரர்கள் போன மாசம் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மூட்டை தைக்கிற பகுதிப் பெண்களுக்கும் இந்த வகுப்பு கட்டாயம் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் ஒன்பது பெண்கள் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் நான்காவது பாவாயி. ஃபிட்டராக இருந்து செத்த மாதையனின் பெண்டாட்டி. அவன் செத்த மூன்றாம் மாசம் மில்லில் அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து செங்கோடன் பேனல் ரூமுக்குப் போகக் குறுக்கு வழியை விட்டுவிட்டு, கொதிகலனைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினான். கேட்டவர்களிடம் நடந்தால் சுகருக்கு நல்லது என்றான். சுகர் அப்புறம்தான் வந்தது. இப்போது தப்ப வழியில்லை. இரண்டு வரிசைக்கு முன்னால் அவள் பின்னங்கழுத்து. நரைத்த கொண்டைக்குள் ஒரு கறுப்பு ஊசி. தோளில் சாக்கு தைக்கிற நூல் ஒரு விரற்கடை நீளம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை யாராவது எடுத்துவிட்டால் தேவலாம் என்று அவனுக்கு இருந்தது. பக்கத்தில் இருக்கிற பொம்பளைக்குக் கண் இல்லையா. அவள் நாச்சிமுத்து சொல்வதைக் கையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அந்த ஆள் அந்தக் கதையைச் சொல்ல மாட்டார், இவளை வைத்துக்கொண்டு சொல்ல எந்த மனுசனுக்கும் நாக்கு வராது என்று செங்கோடன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லட்டும், என்றது அதற்குக் கீழே இருந்த இன்னொன்று. சொல்லட்டும், அவளும் கேட்கட்டும், இத்தனை வருசம் நான் மட்டும் கேட்டேனே.

மிக்ஸர் இரண்டாவது மாடியில் இருந்தது. லாரிப் பெட்டி நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. நடுவில் தண்டு, தண்டைச் சுற்றிச் சுருள் சுருளாகப் பட்டை. மேலேயிருந்து தவிடும் மக்காச்சோள மாவும் புண்ணாக்கும் விழும், பக்கக் குழாயிலிருந்து மொலாசஸ் ஊற்றும். அந்தக் கறுத்த பாகு பட்டையில் படிந்து, காய்ந்து, கல்லாகிவிடும். வாரத்துக்கு ஒருதரம் ஆள் உள்ளே இறங்கிச் சுரண்டியால் சுரண்ட வேண்டும். உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி வேக்காடு. துணியோடு இறங்கினால் சட்டையும் பேன்ட்டும் பாகில் ஒட்டிக்கொண்டு தோலை உரிக்கும். அதனால் இறங்குகிறவர்கள் எல்லாரும் வெறும் டவுசரோடுதான் இறங்குவார்கள், அதுவும் பையில்லாத டவுசர். சிவப்புப் பூட்டு வந்த முதல் மாசமே, சாவியை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. வாயில் கவ்விக்கொண்டா சுரண்டுவார்கள். மில் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தது. மெயின் சுவிட்ச் இருக்கிற தரைத் தளத்துப் பேனல் ரூமில் பூட்டைப் போடுகிறவன் சாவியை அங்கேயே எலக்ட்ரீசியனான செங்கோடனிடம் கொடுத்துவிட்டு மேலே போவான். எலக்ட்ரீசியன் அதை ரெகுலேட்டருக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டுவான். யாரும் உத்தரவு போடவில்லை, எங்கேயும் எழுதவில்லை. அதில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. கோயிலுக்குள் போகும்போது செருப்பை ஒருத்தனைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது போலத்தான். மாதையன் மட்டும் சாவியைக் கொடுக்கும்போதெல்லாம், "என்ர உசுருங்க, பாத்து வைங்க" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். செங்கோடனும், ஆணிக்குச் சேதாரம் வராமல் பார்த்துக்கொள்கிறேன் போ என்பான். வேடிக்கைப் பேச்சு. எத்தனை தடவை சொல்லியிருப்பான், வாரம் ஒன்று, ஒன்றரை வருசம், எழுபது எண்பது தடவை. கடைசித் தடவை சொன்னானா என்பது செங்கோடனுக்கு ஞாபகமில்லை. எழுபதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே குரலாகிவிட்டது. சுரண்டினாலும் பிரிவதில்லை.

அன்றைக்கு மத்தியானம் மூன்றரை இருக்கும். வெளியே ராசிபுரத்துக்குச் சரக்கு ஏற்ற லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மாதையன் உள்ளே இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சாவி ஆணியில் இருந்தது. அதுவரைக்கும் செங்கோடனுக்குத் தெளிவு. கண்ணை மூடினால் சாவி தெரியும், அதில் கட்டிய பச்சை ஒயர் தெரியும். அப்புறம் மச்சினன் போன். தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள், நானூறு அடி தாண்டியும் புகைதான் வருகிறது, நிறுத்தவா ஐநூறுக்குப் போகவா என்று கேட்டான். பேனல் ரூமுக்குள் பேச்சுக் கேட்காது, அதனால் எடைமேடைக்குப் பக்கத்தில் போய் நின்று பேசினான். ஐந்து நிமிசமா பத்து நிமிசமா. திரும்பி வந்தான். சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்து மேலே தள்ளினான். டக் என்று ஏறியது. அந்தச் சத்தமும், உள்ளங்கையில் பட்ட அதிர்வும் இன்னும் அப்படியே இருக்கின்றன, அதில் சந்தேகமே இல்லை. கைப்பிடி ஏறியது என்றால் அப்போது அதில் பூட்டு இல்லை. எப்படி இல்லாமல் போனது. அவன் திரும்பி வந்தபோதே இல்லையா, அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் தள்ளினானா. இல்லை, அவனே ஆணியிலிருந்து சாவியை எடுத்து, மேலேயிருந்து யாரோ கரண்ட் விடு என்று கத்தியதைக் கேட்டு, நானூறு அடி, ஐநூறு அடி என்று நினைத்துக்கொண்டே, கை தன்பாட்டுக்குப் பூட்டைத் திறந்ததா. கை அப்படிச் செய்யும். தினம் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போடுகிறோம், இன்றைக்குப் போட்டோமா என்று கேட்டால் சத்தியம் பண்ண முடியுமா. போனுக்கு முன்னால் பூட்டு, பூட்டுக்கு அப்புறம் போன் என்று இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான் இத்தனை வருசமும், எப்படி வைத்தாலும் பொருந்துகிறது. அதுதான் பயமாக இருந்தது. அப்புறம் இரண்டாம் மாடியிலிருந்து வந்த சத்தம். அந்த நினைவுக்குள் அவன் போக மாட்டான். ஹாரன் மட்டும் நிற்காமல் அடித்தது, லாரிக்காரனுக்கு ஒன்றும் தெரியாது.

கதையை முதலில் சொன்னது நாச்சிமுத்து. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்பே, முற்றத்தில் கூட்டம் கூடி நின்றபோதே சொல்லிவிட்டார். மாதையன் வேலை முடித்துக் கீழே வந்தான், சாவியை வாங்கித் தன் பூட்டைத் தானே திறந்தான், கரண்ட் போடலாம் என்றான். நான் என் கண்ணால் பார்த்தேன். லாரிக்காரனுக்குப் பத்து நிமிசம் என்று சொல்லிவிட்டு வெளிப்படிக்கட்டு வழியாக நான் மேலே போனேன். அதற்குள் அவன் உள்படிக்கட்டு வழியாக ஏறி, தொட்டிக்குள் சுரண்டியை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து மறுபடி இறங்கியிருக்கிறான். நான் அதைப் பார்க்கவில்லை, ஆள் கீழே இருக்கிறான் என்று நினைத்துப் பட்டனை அமுக்கினேன். இன்ஸ்பெக்டர் செங்கோடன் பக்கம் திரும்பி, அப்படித்தானா என்று கேட்டார். ஆமாங்க, என்றான். அவ்வளவுதான், ஒரு வார்த்தை. அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோது உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி இறங்கியதை அவன் மறக்கவில்லை, வெயிலில் நடந்தவனுக்கு மோர் கொடுத்த மாதிரி. மாதையன் தன் அவசரத்தால் செத்தான். அப்படியே எழுதினார்கள். எழுதிய பிறகு செங்கோடனும் அதைப் பார்க்க ஆரம்பித்தான். மாதையன் கீழே வருகிறான், கை நீட்டுகிறான், இவன் சாவியைக் கொடுக்கிறான். பார்த்துப் பார்த்துப் பழகி, முதல் இரண்டு வருசம் அது நடந்ததுதான் என்றே இருந்தான். மூன்றாம் வருசம் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அந்தக் கை உறைத்தது. சாவி வாங்குகிற கை சுத்தமாக இருந்தது. ஒரு மணி நேரம் மொலாசஸ் சுரண்டியவன் கை முழங்கை வரைக்கும் தார் பூசிய மாதிரி இருக்கும், தொட்டதெல்லாம் பிசுபிசுக்கும். அவன் மனசுக்குள் வந்த மாதையனுக்குச் சுத்தமான கை. அப்புறம்தான் பூட்டு ஞாபகம் வந்தது. மாதையன் செத்த அன்று சாயங்காலம் பேனல் மேலே கிடந்த பூட்டை இன்ஸ்பெக்டர் கேட்டபோது எடுத்துக் கொடுத்தவனே செங்கோடன்தான். புதுசு மாதிரி இருந்தது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். என்னாச்சு, உப்பில்லையா, என்றாள் பெண்டாட்டி. அவளிடமும் சொல்லவில்லை.

மாதையன் இறங்கி வரவில்லை என்றால் மிச்சம் இரண்டு பேர். பூட்டைத் திறந்தது செங்கோடனே என்ற நினைப்பில் நாலைந்து வருசம் போயிற்று. நான்தான், என் கைதான், நாச்சிமுத்தண்ணன் என்னைக் காப்பாற்றக் கதை கட்டினார் என்று நம்பி, அவருக்கு நன்றியாக இருக்கப் பார்த்தான். அவர் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் லைட் எல்லாம் இவனே இழுத்துக் கட்டினான். பந்தியில் அவர் இவன் தோளில் கைபோட்டு, "செங்கோடன் நம்ம ஆளு" என்று சம்பந்தியிடம் சொன்னபோது உடம்பு கூசியது. நம்ம ஆளு என்றால் என்ன. எதில் நம்ம ஆள். வீட்டுக்கு வருகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டுப் புளிய மரத்தடியில் வாந்தி எடுத்தான், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொண்டான். அன்றைக்குத்தான் இன்னொன்று தோன்றியது. மிக்ஸர் ஆபரேட்டருக்கு இடம் இரண்டாம் மாடி. மூன்றரை மணிக்குத் தரைத் தளத்துப் பேனல் ரூமில் அவருக்கு என்ன வேலை. பார்த்தேன் என்று சொல்வதற்காக அங்கே நின்றதாகச் சொன்னாரா, நிஜமாகவே அங்கே நின்றாரா. லாரி ஹாரன் அடிக்கிறது, இன்னும் ஒரு கலவை முடித்தால்தான் சரக்கு போகும், மேலே மாதையன் சத்தமில்லாமல் தொட்டிக் கோடியில் படுத்துச் சுரண்டுகிறான், எட்டிப் பார்த்தால் தெரியாது, போய்விட்டான் என்று நினைத்து இவர் கீழே வருகிறார், பேனல் ரூமில் ஆளில்லை, ஆணியில் சாவி தொங்குகிறது. ஆணிக்கு யார் எடுக்கிறார்கள் என்று தெரியுமா. அப்படியும் பொருந்துகிறது. அப்படியானால் அவர் காப்பாற்றியது இவனை இல்லை. அப்படியானால் இத்தனை வருசம் அவர் குற்றத்தை இவன் சுமந்து, அதற்கு நன்றியும் பட்டிருக்கிறான். இந்த நினைப்பு வந்ததும் சந்தோசமாக இருந்தது. சந்தோசம் வந்ததாலேயே அதை நம்ப முடியவில்லை. தப்பித்துக்கொள்ள ஒரு கதை கட்டுகிறாய், அவரைப் போலவே. அவராவது செத்தவன் தலையில் போட்டார், நீ உயிரோடு இருக்கிறவன் தலையில் போடப் பார்க்கிறாய். இப்படியே கேட்காமல் இருந்துவிட்டான். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். வேறு ஒன்றும் இல்லை, வெறும் பயம்.

"இப்ப ஒரு உண்மைச் சம்பவம் சொல்றேன், இதே மில்லுல நடந்தது" என்றார் நாச்சிமுத்து. செங்கோடனுக்குக் காது அடைத்தது. சொல்லப்போகிறார். மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டே சொல்லப்போகிறார். பெயர் சொல்லாமல், ஒரு ஃபிட்டர் என்று ஆரம்பித்தார். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் அவசரக் குடுக்கை என்றார். மற்ற வருசங்களில் அவசரக் குடுக்கை கிடையாது. வருசத்துக்கு ஒரு வார்த்தை சேர்க்கிறார், தீவனத்தில் எடைக்கு உமி சேர்ப்பது போல. ஃபிட்டர் கீழே வந்ததைச் சொன்னார், பூட்டைத் திறந்ததை விரலால் நடித்துக் காட்டினார், ஒரு சுரண்டிக்காக, நாற்பது ரூபாய்ச் சுரண்டிக்காக என்று நிறுத்தி, இருமி, தண்ணீர் குடித்தார். அந்த இருமல் வரும் இடம்கூடச் செங்கோடனுக்குத் தெரியும். பாவாயியின் கழுத்து அசையவில்லை. எல்லாருக்கும் அது யாரென்று தெரியும். பக்கத்துப் பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இரக்கம் வந்தோ, இடறியோ, புதுசாக ஒன்றைச் சொன்னார். அந்த ஆளைச் சும்மா விட்டுவிடவில்லை, நம்ம எலக்ட்ரீசியன் செங்கோடன் அப்பவே தடுத்தார், எல்லாம் சரிபார்த்துவிட்டுப் பூட்டை எடுக்கலாம் என்று சொன்னார், ஃபிட்டர் கேட்கவில்லை. "என்னுங் செங்கோடா, சொன்னீங்கல்ல?" என்றார். முப்பது நாற்பது முகம் திரும்பியது. செங்கோடன் தலை ஆடியது. அவன் ஆட்டவில்லை. கழுத்து தன்பாட்டுக்கு, இன்ஸ்பெக்டர் கேட்ட அன்றைக்கு வாய் செய்ததைப் போலவே, தானாக ஆமாம் என்று ஆடிவிட்டது. ஆடி முடிந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. இப்படித்தான் கையும் திறந்திருக்கும், என்று அந்த நொடியில் நினைத்தான், இதே மாதிரி, எனக்குத் தெரியாமலே.

பாவாயி முழுசாகத் திரும்பி, நாற்காலியின் முதுகில் கையை வைத்து அவனைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தான், திட்டினால் தாங்கிக்கொண்டிருப்பான். அவள் கண்ணில் இருந்தது வேறு. நல்லது செய்யப் பார்த்தவனைப் பார்க்கிற பார்வை. "நீங்க சொல்லியுமா கேக்கலீங் அண்ணா?" என்றாள். குரல் பெரிதாக இல்லை, ஆனால் குடோனில் வேறு சத்தமும் இல்லை. "ஊருக்குப் போக பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டு, திரும்பிப் போயி கதவு நாதாங்கிய இழுத்துப் பாத்துட்டு வர்ற மனுசனுங்க. ஒருக்கா பஸ்ஸயே வுட்டாரு. இத்தன வருசமா என்னால நம்பவே முடியலீங். நீங்க சொல்லியும் கேக்கலன்னா... சரி, அவிய அப்படித்தான் இருந்திருப்பாங்க போல. நாந்தான் தப்பாத் தெரிஞ்சு வெச்சிருந்திருக்கேன்." சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். தோளில் அந்த நூல் அப்படியே இருந்தது. நாச்சிமுத்து ஒரு பூட்டை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தார். பதினேழு வருசமாக இந்த மில்லில் செங்கோடனைத் தவிர இன்னொருத்தியும் கதையை நம்பாமல் இருந்திருக்கிறாள். ஒன்றும் தெரியாமல், சாவியும் ஆணியும் பேனல் ரூமும் தெரியாமல், நாதாங்கியை இழுத்துப் பார்க்கிற ஒரு மனுசனைத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு நம்பாமல் இருந்திருக்கிறாள். இப்போது நம்பிவிட்டாள். இவன் தலையாட்டியதால் நம்பிவிட்டாள். மாதையனை இரண்டு தடவை கொன்றாயிற்று. முதல் தடவை யார் என்று தெரியாது, இரண்டாவது தடவை யார் என்பதில் சந்தேகமில்லை. நாற்பது பேர் சாட்சி. எழுந்து போய்விடலாம், சுகர் மாத்திரை போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடலாம், போண்டா வரும், டீ வரும், நாளைக்கு மில் நிற்கும், வேலை இருக்கும், ஓய்வு பெற இன்னும் நான்கு வருசம்தான், அதற்குள் அவள் மறந்துவிடுவாள். மறக்க மாட்டாள். வீட்டுக்குப் போய் மாதையன் போட்டோவைப் பார்த்து, சொல்லியும் கேக்கலியா நீங்க என்று அவனைத் திட்டுவாள். செத்தவன் போட்டோவில் திட்டு வாங்குவான், பதில் சொல்ல மாட்டான். அந்த நினைப்பில் செங்கோடனுக்கு ஏதோ பொங்கி வந்தது. கோபமா, அழுகையா, அவனுக்கே பிரிக்கத் தெரியவில்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை.

"கேள்வி எதாச்சும் இருந்தா கேளுங்க, இல்லைன்னா டீக்குப் போகலாம்" என்றார் நாச்சிமுத்து. பாதிப்பேர் எழ ஆரம்பித்துவிட்டார்கள். செங்கோடனும் எழுந்தான். டீக்குத்தான் எழுகிறான் என்று பக்கத்தில் இருந்தவன் காலை மடக்கி வழி விட்டான். இவன் நகரவில்லை. முன் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். நாச்சிமுத்து பார்த்தார். அந்தப் பழைய பார்வைதான் முதலில் வந்தது, நீ இருக்கிறாயா, இருக்கிறாய். அப்புறம் அது மெதுவாக மாறியது, சாயம் அடித்த மீசைக்குக் கீழே உதடு வெளுத்தது. அப்போது செங்கோடனுக்கு ஒன்று புரிந்தது: இந்த மனுசரும் இத்தனை வருசமாக இந்தக் கேள்விக்காகப் பயந்துகொண்டுதான் ஒவ்வொரு சித்திரையிலும் முதல் பேச்சைத் தானே பேசியிருக்கிறார். பயந்தவர் குற்றவாளி என்று ஆகிவிடாது. பயத்தில் இரண்டு பேரும் சமம்தான். வருகிற பதில் எதுவாக இருந்தாலும் அதோடுதான் இனிமேல் கொதிகலனைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும், அல்லது நடக்க வேண்டியதில்லாமலே போகலாம், வேலையே போகலாம், போலீஸ் வரலாம், வராமலும் போகலாம். பாவாயி திரும்பவில்லை. ஆனால் எழவும் இல்லை. அவள் காதில் விழ வேண்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினான். உயர்த்தியபோது அது அவன் குரல் மாதிரியே இல்லை.

"நாச்சிமுத்தண்ணா, அன்னைக்கு மாதையன் தொட்டிய விட்டு எறங்கி வரவே இல்ல. நான் அவனத் தடுக்கவும் இல்ல. அவங்கிட்ட நான் பேசவே இல்ல. நம்ம ரெண்டு பேத்துல அந்தப் பூட்டைத் தொறந்தது யாருங்ணா?"